அரக்குத் தட்டும் அடைத்த கதவும்

கல்லில் செதுக்கியது நிற்கிறது. செம்பில் வெட்டியது நிற்கிறது. ஓலையில் கீறியதுகூட, கறையானுக்குத் தப்பினால், காலத்தைக் கடந்து நிற்கிறது. கலைஞன் விரலசைத்து எழுப்பிய ஓசை மட்டும் எழுந்த கணத்திலேயே மாய்ந்து போயிற்று, ஆயிரமாயிரம் ஆண்டுகளாக! அந்த மாய்வைத் தடுத்து நிறுத்தியது யார்? முனிவர் வரமா? மூர்த்தியின் அருளா? எடிசன் 1877-இல் ஒலியைப் பிடித்தார். பெர்லினர் 1887-இல் அதைத் தட்டிலே எழுத வழி கண்டார். அறிவு உழைத்தது, ஒலி நின்றது.

நின்ற ஒலியை நாம் காப்பாற்றினோமா என்பதே கேள்வி.

கடந்த ஈராண்டுகளாக நாம் மணப்பாட்டில் ஒரு தேடலில் ஈடுபட்டிருக்கிறோம். பள்ளி முடிந்த மாலைகளிலும், விடுமுறை நாட்களிலும், வீடு வீடாகச் சென்று கதவு தட்டிக் கேட்கிறோம். முத்துக் குளித்த கரையாயிற்றே, முத்தைத் தேடுகிறோமோ என்று சிலர் எண்ணினர். நாம் தேடுவது முத்தன்று. ஹவாயன் கிட்டார் இசைத்தட்டு. அதிலும் குறிப்பாக, டாவ் மோயே என்ற இசைவாணர் கல்கத்தாவில் வாழ்ந்த காலத்தின் சுவடு தாங்கிய தட்டுகள்.

“மணப்பாட்டு வாத்தியாருக்கு ஹவாய்த் தீவுக் கிட்டாரில் என்ன வேலை?” என்று நண்பர்கள் நகைத்தனர். நல்ல கேள்வி. பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஹவாயன் கிட்டாரை மார்போடு அணைத்து வாசிப்பதில்லை. மடியிலே கிடத்தி வாசிக்கிறார்கள். தந்திகளைக் கட்டையிலிருந்து உயர்த்திக் கட்டியிருப்பார்கள். இடக்கை விரல்கள் தந்தியை அழுத்துவதில்லை. ஓர் எஃகுத் துண்டு தந்தியின்மீது வழுக்கிச் செல்கிறது. ஆகவே சுரத்துக்குச் சுரம் படியேறாமல், நீரோடை போல் நெளிந்து, குழைந்து, அழுது, சிரித்து ஓடுகிறது இசை. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த நம் பெரியோருக்கு இந்த ஓசை புதிதன்று. பெயர் தெரியாமலே காதுக்குப் பழகிய ஓசை அது.

இம்முறையை உருவாக்கி உலகுக்கு அளித்தவர் எனப் பெரிதும் ஏற்கப்படுபவர் ஜோசப் கெக்குக்கு. 1874-இல் ஹவாயின் ஓவாகு தீவில், லாயியே என்ற சிற்றூரில் பிறந்தவர். பள்ளி மாணவனாயிருந்தபோதே தந்தியில் இரும்பை வழுக்கவிட்டு, ஆண்டுக்கணக்கில் பழகி, அதைக் கலையாக்கினார். அரண்மனையில் பிறந்த கலையன்று அது. பள்ளிச் சிறுவன் ஒருவனின் பொறுமையில் பிறந்த கலை. 1915-இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் நடந்த பெருங்கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவே அதில் மயங்கிற்று. 1930களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த முதல் மின்கிட்டாரும் மடியில் கிடத்தி வாசிக்கும் இந்த வகைதான்; வடிவத்தைப் பார்த்து ‘வாணலி’ என்று செல்லப்பெயர் வைத்தார்கள். இன்று மேடைதோறும் முழங்கும் மின்கிட்டாரின் மூத்த உறவு அது!

கடல் செய்யும் விந்தையைப் பாருங்கள். பதினாறாம் நூற்றாண்டில் இந்த முத்துக்குளித்துறைக் கரையில் கால்வைத்தவர்கள் போர்த்துகீசியர். மணப்பாட்டு மணற்குன்றின்மீது அலையைப் பார்த்து நிற்கும் திருச்சிலுவைக் கோயில் 1581-இல் எழுந்தது. அதே போர்த்துகல் நாட்டுக்குரிய மடெய்ராத் தீவிலிருந்து, 1879-இல், கரும்புத் தோட்டக் கூலிகளாக ஏழைகள் கப்பலேறி ஹவாய் சேர்ந்தனர். அவர்கள் மடியில் கொண்டு போன சிறு தந்திக் கருவிதான் அங்கே உக்குலேலி ஆயிற்று. இங்கே சிலுவை வந்தது. அங்கே தந்தி போயிற்று. ஒரே நாட்டவரை ஏற்றிச் சென்ற கப்பல்கள் எத்தனை கரைகளை எத்தனை விதமாக மாற்றிவிட்டன!

இந்த இடத்தில் தாய்நாட்டுப் பெருமை பேசுவோர் துள்ளி எழுவர். “இரும்பை வழுக்கி வாசிக்கும் வித்தை இந்தியாவிலிருந்து சென்றதே! கேப்ரியல் டேவியன் என்ற இந்தியச் சிறுவனைக் கப்பல் தலைவன் ஒருவன் தூக்கிச் சென்றான். அவனே ஹவாயில் கத்தி கொண்டு தந்தியை வழுக்கி வாசித்தான். நம் கோட்டுவாத்தியமே அதற்கு மூலம்!” என்பர். டேவியனைப் பற்றிய கதை உண்டு, மறுக்கவில்லை. கோட்டுவாத்தியத்தில் மரத்துண்டு தந்தியில் வழுக்கிச் செல்வதும் உண்மை. ஆனால் கதைக்கும் சான்றுக்கும் இடையே கடலளவு இடைவெளி இருக்கிறதே! அந்தச் சிறுவன் கோட்டுவாத்தியத்தைக் கண்டானா, கேட்டானா என்பதற்கு எழுத்துச் சான்று எங்கே? ஒலிச் சான்று எங்கே? புட்பக விமானத்தைக் காட்டி, ஆகாயக் கப்பல் எங்களுடையது என்பாரின் வாதத்துக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? இரு நாட்டு மனிதர் ஒரே எண்ணத்தைத் தனித்தனியே அடைய முடியும். அது இரு நாட்டுக்கும் பெருமையே. சான்றில்லாத பெருமை நமக்குத் தேவையில்லை. சான்றைத் தேடும் உழைப்பே தேவை. இசைத்தட்டு அப்படிப்பட்ட சான்று. அது புகழாது, பொய் சொல்லாது, வாசித்ததை வாசித்தபடி திருப்பிச் சொல்லும்.

தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில் நம்மை இத்தேடலில் ஆழ்த்திய மற்றொரு செய்தி உண்டு. 1893-இல் ஹவாயின் அரசியை வணிகக் கூட்டத்தார் அரியணையிலிருந்து இறக்கினர். 1896-இல் ஒரு சட்டம் வந்தது: பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி! ஹவாய் மொழி வகுப்பறையிலிருந்து வெளியேற்றப்பட்டது. 1898-இல் நாடே அமெரிக்காவோடு இணைக்கப்பட்டது. தாய்மொழியில் பேசிய குழந்தை தண்டனை பெற்றது. பேசாத குழந்தை பாராட்டுப் பெற்றது. இரண்டு தலைமுறைக்குள் அந்த மொழி பாட்டிமார் வாயில் மட்டும் தங்கிற்று. அப்போது அதற்கு அடைக்கலம் தந்தது எது? பாட்டு! பள்ளிக்கூடம் துரத்திய சொற்களைப் பாடகர்கள் ஏந்திக்கொண்டனர். இசைத்தட்டுகள் அவற்றைத் தாங்கிக்கொண்டன. 1978-இல் ஹவாய் மொழி மீண்டும் அங்கே ஆட்சிமொழித் தகுதி பெற்றது. 1980களில் மழலையர் பள்ளிகளில் மீண்டும் ஒலித்தது. மொழியின் பொருட்டுச் சிறை புகுந்தவர்களின் நாட்டில் பிறந்த நமக்கு, இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தீவின் இசையை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் டாவ் மோயே. 1908-இல் சமோவாவில் பிறந்து, கெக்குக்கு பிறந்த அதே லாயியேயில் வளர்ந்தவர். 1920களின் இறுதியில், மனைவி ரோஸுடன் ஓர் இசைக்குழுவில் சேர்ந்து கடல் கடந்தார். 1929-இல் டோக்கியோ நகரில் அவர்கள் பாடிப் பதிந்த பாட்டுகள் சில. ரோஸ் பாடினார்; டாவ் தந்தியை வழுக்கினார். அதன்பின் ஐம்பதாண்டுகளுக்கு மேல் ஊர் ஊராக, நாடு நாடாக அந்தக் குடும்பம் இசைத்து வாழ்ந்தது. இரண்டாம் உலகப்போரின் ஆண்டுகளை அவர்கள் கழித்தது கல்கத்தாவில். அங்கே விடுதிகளில் வாசித்தார், மாணவர்களுக்குக் கற்பித்தார். கார்னி நைஸ் போன்றோர் அந்த மரபை அந்நகரில் வளர்த்தனர். வங்காளத்தில் தாகூரின் பாட்டுகளையே இக்கருவியில் வாசிக்கும் வழக்கம் வேரூன்றிற்று. கவிஞர் நஸ்ருல் இஸ்லாமின் மகன் காஜி அனிருத்தா இதன் புகழ்பெற்ற கலைஞர். பின்னர் பிரிஜ் பூஷண் காப்ரா இதில் இராகங்களை வாசித்து, 1967-இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா இருவரோடும் இணைந்து இசைத்தட்டு வெளியிட்டார். தீவிலிருந்து வந்த தந்தி, நம் நாட்டுப் பண்ணுக்குப் பணிசெய்தது. கலைக்குத் தீட்டு ஏது? கடல் கடந்தால் சாதி போய்விடும் என்று சாத்திரம் எழுதியவர்கள், கடல் கடந்து வந்த கிட்டாரை எந்தச் சாதியில் சேர்ப்பார்கள்?

கல்கத்தாவில் பதிந்த தட்டு மணப்பாட்டுக்கு எப்படி வரும்? இக்கரை மக்கள் கடல் அறிந்தவர்கள். கப்பல் வேலைக்குப் போனவர்கள் உண்டு. கொழும்பில் கடை வைத்தவர்கள் உண்டு. தூத்துக்குடித் தோணிகள் சரக்கோடு போய்ச் சரக்கோடு திரும்பின. திரும்பிய பெட்டிகளில் சீனப் பீங்கான் இருந்தது. சீமைக் கண்ணாடி இருந்தது. கைவிசை முடுக்கும் கிராமபோனும் இருந்தது. அந்த நம்பிக்கையோடுதான் கதவு தட்டினோம்.

தட்டிய கதவுகள் நாற்பதுக்கும் மேல். பெரும்பாலும் ஒரே கதைதான். பழம்பொருள் வாங்குவோர் நமக்கு முன்பே வந்து சென்றிருக்கிறார்கள். பித்தளைக் குழலுக்கு நல்ல விலை. ஆகவே குழல் போயிற்று. பெட்டி தேக்கு, ஆகவே பெட்டி போயிற்று. தட்டை எவரும் கேட்கவில்லை. அது குப்பைக்குப் போயிற்று. பாடும் வாய்க்கு விலை, பாட்டுக்கு விலையில்லை! ஒரு வீட்டில் தண்ணீர்ப் பானைக்குத் தட்டு மூடியாயிருந்தது. மற்றொரு வீட்டில் சிறுவர்கள் அதைக் கடலில் வீசி விளையாடித் தீர்த்திருந்தனர். அவர்களை நொந்து என்ன பயன்? அது என்னவென்று அவர்களுக்குச் சொன்னவர் யார்?

கடைசியில் ஒரு வீட்டில், எண்பது கடந்த மூதாட்டி ஒருவர், கட்டிலுக்கடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுக்கச் சொன்னார். அவருடைய தந்தையார் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். கல்கத்தாவுக்குப் பலமுறை போய்வந்தவர். பெட்டியில் ஆறு தட்டுகள். இரண்டு உடைந்தவை, மூன்று நாடகப் பாட்டுகள். ஆறாவது தட்டில் நாய் அமர்ந்த சின்னம். அதன்கீழ் ‘ஹவாயன் கிட்டார்’ என்று ஆங்கில எழுத்து. வாசித்தவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் காகிதம் உரிந்து கிடந்தது!

“அந்தப் பிளேட்டுத்தான் எனக்குப் பிடிக்கும், சார். அப்பா ஊரிலே இருந்தா தினமும் சாயந்தரம் வைப்பாங்க,” என்றார் மூதாட்டி. சொல்லிவிட்டு, பல்லில்லா வாயால் மெல்ல முனகினார். வழுக்கி, ஏறி, இறங்கி நடந்தது அந்தப் பண். தட்டு சுழலவில்லை, ஊசி தொடவில்லை, எழுபதாண்டுக்கு முன் கேட்ட இசை அந்தக் கூடத்தில் எழுந்தது.

“நீங்களும் வாசித்ததுண்டா, பாட்டி?” என்று கேட்டோம்.

“ஆசைப்பட்டேன். கம்பியைக் கட்டி, சீசாத் துண்டை வச்சு இழுத்துப் பார்ப்பேன். பொம்பளைப் பிள்ளைக்குக் கிட்டார் எதுக்குன்னு வீட்டிலே அறுத்துப் போட்டுட்டாங்க. அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்தாங்க. அவன் தொடவே இல்லை.”

இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கவில்லை. நமக்குத்தான் பேச்சு வரவில்லை. தோழர்களே, எண்ணிப் பாருங்கள்! லாயியே ஊரில் ஒரு சிறுவன் தந்தியில் இரும்பை வழுக்கினான். உலகம் அவனை மேதை என்றது. மணப்பாட்டில் ஒரு சிறுமி கம்பியில் சீசாத் துண்டை இழுத்தாள்; வீடு கம்பியை அறுத்தது. மேதைமை அவனுக்கு விதித்தது, இவளுக்கு விதிக்காதது என்று எந்தத் தலையெழுத்தும் சொல்லவில்லை. அறுத்த கை மனிதரின் கை. பெண்ணுக்குக் கல்வி வேண்டும் என்று பேசுகிறோம். சொத்து வேண்டும் என்று பேசுகிறோம். பெண்ணின் விரலுக்குத் தந்தி வேண்டும் என்று எத்தனை பேர் பேசினோம்?

தட்டின் பெயர் உரிந்தாலும் அடையாளம் உரியவில்லை. காகிதத்துக்கு வெளியே, வரி முடியும் மழமழப்பான வட்டத்தில், பதிவெண் பொறித்திருக்கும். அந்த எண்ணைக் கொண்டு எந்த ஆண்டு, எந்த ஊர், எவர் வாசித்தது என்று பழைய பட்டியல்களில் தேடலாம். எண்ணை எழுதிக்கொண்டு, இத்தகைய தட்டுகளை மிகுதியாகச் சேர்த்து வைத்திருப்பவர் என்று கேள்விப்பட்ட ஒரு நகரத்துச் செல்வரை நாடினோம். கல்கத்தாத் தட்டுகள் தம்மிடம் நிறைய உண்டு என்று ஒப்புக்கொண்டார். ஒப்பிட்டுப் பார்க்க ஒருமுறை கேட்கலாமா என்றோம். “கேட்கக் கொடுத்தால் அருமை போய்விடும்,” என்றார். கண்ணாடிப் பேழை, பூட்டு, சாவி, உள்ளே இருட்டு! தூரத்தில் நின்று பார்க்கலாம், தொடக் கூடாது, உள்ளே வரக் கூடாது. இந்த ஏற்பாட்டை வேறெங்கோ பார்த்த நினைவு உங்களுக்கும் வருகிறதல்லவா?

கருவறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் நாம். பாட்டுக்கும் ஒரு கருவறை கட்டிப் பூட்டுவதை நாம் எப்படி ஏற்போம்? ஒரு தட்டு ஒன்றே ஒன்று எஞ்சியிருக்கிறது என்பது பெருமைக்குரிய செய்தியா? மற்றவை அழிந்துவிட்டன என்பதன் மறுபெயரல்லவா அது? அருமை தட்டில் இல்லை; அதை எத்தனை காது கேட்டது என்பதில் இருக்கிறது.

சேகரிப்பது குற்றமன்று. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒருவர், வாழ்நாள் முழுதும் நூலும் இதழும் துண்டறிக்கையும் திரட்டினார். அவர் 1992-இல் மறைந்தார். அந்தத் திரட்டே 1994-இல் சென்னையில் பொது ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று ஏழை மாணவனும் அங்கே அமர்ந்து படிக்கிறான். அதுவும் சேகரிப்பு, இதுவும் சேகரிப்பு. ஒன்று ஊருணி, மற்றொன்று பூட்டிய கிணறு.

தட்டைத் தேடுவோர் அறியவேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அமெரிக்காவில் பாப் பிராஸ்மன் என்ற கிட்டார்க் கலைஞர், பழைய ஹவாய் இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். 1929 டோக்கியோப் பதிவுகளை அவர் போற்றி வைத்திருந்தார். 1980களில் ஒருநாள், அவருடைய இசைத்தட்டை விலைக்குக் கேட்டு ஹவாயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் டாவ் மோயே! எந்தக் கையின் ஒலியைப் பழந்தட்டில் கேட்டு வியந்தாரோ, அந்தக் கை உயிரோடு இருக்கிறது; ஐம்பதாண்டு உலகம் சுற்றி, லாயியே திரும்பி, அமைதியாக வாழ்கிறது! பிராஸ்மன் அங்கே விரைந்தார். அந்தக் குடும்பத்தோடு அமர்ந்து, அதே பழைய பாட்டுகளை மீண்டும் பதிந்தார். 1989-இல் அது வெளிவந்தது. இருபது வயதில் பாடியதை எண்பது வயதில் ரோஸ் பாடினார். டாவ் மோயே 2004-இல் மறைந்தார். அந்தக் கடிதம் வராதிருந்தால்? உயிருள்ள மனிதர் ஓர் ஊரில் இருக்க, அவர் நிழல் மட்டும் மற்றோர் ஊரில் போற்றப்பட்டிருக்கும். நம் மூதாட்டியின் முனகலைக் கேட்டபோது நாம் நினைத்தது இதைத்தான். தட்டைத் தேடும் முன் மனிதரைத் தேடவேண்டும்.

அவர் முனகியதை அன்றே கைப்பேசியில் பதிந்துகொண்டோம். தட்டின் எண்ணையும் படத்தையும் அறிந்தோருக்கு அனுப்பியிருக்கிறோம். விடை இன்னும் வரவில்லை. அது டாவ் மோயேயின் விரலாக இருக்கலாம். கார்னி நைஸின் விரலாக இருக்கலாம். வேறொருவரின் விரலாகவும் இருக்கலாம். சான்று வரும்வரை எவர் பெயரையும் ஒட்டமாட்டோம்.

தேடினால் கிடைக்கும் என்பதற்கு இக்கரையிலேயே சான்று உண்டு. அண்டிரிக் அடிகளார் இப்பகுதி மக்களுக்காக எழுதி 1586-இல் அச்சேறிய ‘அடியார் வரலாறு’ தமிழ்நாட்டில் காணாமற் போயிருந்தது. 1950களில் தனிநாயகம் அடிகள் அதை உரோமாபுரியில், வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்தார். மதம் வேறு, நூல் வேறு. அது தமிழ் உரைநடையின் தொன்மைச் சான்று. ஆகவே நமக்கும் உரியது. நம் கரையின் நூல் உரோமில் கிடைக்குமானால், ஹவாயின் ஒலி மணப்பாட்டுத் தகரப் பெட்டியில் ஏன் கிடைக்காது?

இளைஞர்களே, இது மணப்பாட்டின் வேலை மட்டுமன்று. உங்கள் ஊரிலும் ஒரு பெட்டி இருக்கும். அதில் நாகசுரம் இருக்கலாம். நாடக மேடையின் பாட்டு இருக்கலாம். மேடைப் பேச்சே இருக்கலாம். கிடைத்தால் செய்யவேண்டியவை சில. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். சாராயம் கலந்த எந்தத் திரவத்தாலும் துடைக்காதீர்கள்; தட்டு அரக்கால் ஆனது, கரைந்துவிடும். பழைய எஃகு ஊசியால் ஓட்டிப் பார்க்காதீர்கள், வரி தேயும். இரு பக்கத்தையும் படம் எடுங்கள். வட்டத்தின் எண்ணைப் படியெடுங்கள். எவர் வாங்கினார், எங்கே வாங்கினார், எப்போது கேட்டார்கள் என்று வீட்டுப் பெரியவரைக் கேட்டு எழுதுங்கள். பிறகு பொது நூலகத்துக்குக் கொடுங்கள். கொடுக்க மனமில்லையேல் படியெடுக்கவாவது விடுங்கள். போர்க்காலத்தில் அரக்குக்குத் தட்டுப்பாடு வந்தபோது அமெரிக்காவில் பழைய தட்டுகளைத் திரட்டி உருக்கினார்கள். அது போரின் கொடுமை. இன்று போரில்லை, நம் அலட்சியம் மட்டுமே உருக்குகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. உங்கள் வீட்டில் ஒரு சிறுமி கம்பியைக் கட்டி இழுத்துப் பார்த்தால், அறுக்காதீர்கள். அவள் வாசிக்கட்டும். அதைப் பதிந்து வையுங்கள்.